வெற்றி சதவீதம் போடுவது எப்படி? வகுத்தல் சுலபம், எதால் வகுப்பது என்பதில்தான் சண்டை

தோனி 200 ஒருநாள் ஆட்டங்களில் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தார். ஜெயித்தது 110. கால்குலேட்டர்கூட வேண்டாம், 55 சதவீதம். ஆனால் கிரிக்கெட் புள்ளிவிவரப் பட்டியல்களில் அவர் பெயருக்கு நேரே பார்த்தால் 59.52 என்று போட்டிருப்பார்கள். நாலரை சதவீதம் எங்கிருந்து முளைத்தது? தோனி ரசிகர் யாரோ கை வைத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் சரியான கணக்குதான். வகுக்கும்போது கீழே எந்த எண்ணைப் போட்டார்கள், டை ஆன (இரண்டு அணியும் ஒரே ரன்னில் முடித்த) ஆட்டத்தை என்ன செய்தார்கள், அதில்தான் வித்தியாசம்.

எங்கள் ஊர் டென்னிஸ் பால் டீமுக்கு ஸ்கோர் நோட்டு எழுதுகிறவன் நான். பதினோராவதாக இறங்குகிற ஆளுக்கு எப்படியும் நேரம் இருக்கும் என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வருடக் கடைசியில் யாராவது ஒருத்தன், “நம்ம வின்னிங் பெர்சன்டேஜ் எவ்வளவுடா?” என்று ஆரம்பிப்பான். மூன்று பேர் போனை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். மூன்று விடை வரும். அந்தச் சண்டையைத் தீர்க்கப் போய் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நோட்டைச் சரிபாருங்கள்

கணக்குக்கு முன்னால் எண்ணிக்கை. ஒவ்வொரு ஆட்டத்தையும் நாலு கட்டத்தில் ஏதாவது ஒன்றில் போட வேண்டும்: வெற்றி, தோல்வி, சமன் (டை அல்லது டிரா), முடிவில்லை (மழை, வெளிச்சக் குறைவு, பாதியில் நின்றது). எங்கள் போன வருட நோட்டில் 23 வரிகள். வெற்றி 13, தோல்வி 8, டை 1. மீதி ஒரு வரியில் மை கலைந்து எதிரணியின் பெயரே தெரியவில்லை. மழை ஆட்டம் எது என்று தனியாக எழுதத் தேவையே இல்லாமல் போனது.

நாலு கட்டத்தையும் கூட்டினால் மொத்த ஆட்டம் வர வேண்டும். 13+8+1+1 = 23. வரவில்லை என்றால் எங்கோ ஓர் ஆட்டம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு தடவை எழுதியிருக்கிறது. எதிரணி வராததால் கிடைத்த வாக்ஓவர் வெற்றியா இல்லையா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் நோட்டில் அதை நான் ஏற்றுவதே இல்லை. பந்தே போடாமல் என்ன வெற்றி?

முழு லீக்குக்கும் கணக்குப் போடுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. எல்லா அணிகளின் வெற்றிகளையும் கூட்டினால் வருவதும், தோல்விகளைக் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருத்தர் ஜெயித்தால் இன்னொருத்தர் தோற்றுத்தானே ஆக வேண்டும். 2024 ஐபிஎல் லீக் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து அணிகளின் வெற்றிகளைக் கூட்டினால் 67, தோல்விகளும் 67. மழையில் போனவை 3. ஆக 70. பத்து அணி, ஆளுக்கு 14 ஆட்டம், இரண்டால் வகுத்தால் அதே 70. இது ஒத்துப்போன பிறகுதான் பேனாவை எடுத்து சதவீதம் போட வேண்டும்.

அடிப்படைக் கணக்கு

வெற்றியை ஆட்டத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வெற்றி சதவீதம். அவ்வளவுதான்.

2024-ல் கோப்பையை வென்ற கொல்கத்தா, லீக் சுற்றில் 14 ஆட்டங்களில் 9-ல் ஜெயித்தது. போன் இல்லாமல் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். 9-ல் 14 போகாது. பூஜ்யம் போட்டு, புள்ளி வைத்து, 9-ஐ 90 ஆக்குங்கள். ஆறு பதினாலு 84, மீதி 6. அதை 60 ஆக்கினால் நாலு பதினாலு 56, மீதி 4. 40-ல் இரண்டு தடவை 28, மீதி 12. 120-ல் எட்டு தடவை 112, மீதி 8. 80-ல் ஐந்து தடவை 70, மீதி 10. 100-ல் ஏழு தடவை. இதுவரை 0.642857. புள்ளியை இரண்டு இடம் வலப்பக்கம் தள்ளினால் 64.2857. இரண்டு தசமத்தில் நிறுத்தினால் 64.29 சதவீதம்.

ஐபிஎல் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி. லீக் சுற்றில் ஆளுக்கு 14 ஆட்டம் என்பதால் ஒரு வெற்றிக்கு 7.14 சதவீதம். 7 வெற்றி 50, 8 வெற்றி 57.14, 9 வெற்றி 64.29, 10 வெற்றி 71.43. டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) என்றால் எட்டு அணி, ஆளுக்கு 7 லீக் ஆட்டம், ஒரு வெற்றிக்கு 14.29. இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 7.14-ஐ 9-ஆல் பெருக்கினால் 64.26-தான் வரும், 64.29 வராது. நடுவில் வெட்டிய தசமம் பெருக்கும்போது பிழையாக வளர்ந்துவிடுகிறது. அதனால் முழு எண்களை வைத்தே கடைசி வரை போங்கள், விடை வந்த பிறகு ஒரே ஒரு தடவை ரவுண்டு செய்யுங்கள்.

ஜெயித்த எண்ணிக்கையே போதாதா?

போதாது. இரண்டு பேர் ஆடிய ஆட்டங்கள் ஒன்றாக இல்லாதபோதுதான் சதவீதத்துக்கே வேலை. அமெரிக்க பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக வெற்றி என்ற சாதனை இரண்டு அணிகளுக்குச் சொந்தம். 1906-ல் சிகாகோ கப்ஸ், 2001-ல் சியாட்டில் மரைனர்ஸ். இருவரும் 116. ஆனால் கப்ஸ் தோற்றது 36, மரைனர்ஸ் தோற்றது 46. 116-ஐ 152-ஆல் வகுத்தால் 0.763, 162-ஆல் வகுத்தால் 0.716. வெற்றி எண்ணிக்கையில் சமம், சதவீதத்தில் கிட்டத்தட்ட 5 வித்தியாசம்.

அமெரிக்கர்கள் இதை .763 என்றுதான் எழுதுவார்கள். நூறால் பெருக்குவதில்லை, மூன்று தசமத்தோடு நிறுத்திவிடுவார்கள், பெயர் மட்டும் வெற்றி சதவீதம். பாதிக்குப் பாதி ஜெயிக்கிற அணியை “ஃபைவ் ஹண்ட்ரட் டீம்” என்பார்கள். அது .500. பேஸ்பால் பட்டியலோ, என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக் பட்டியலோ பார்க்கும்போது .890 என்றிருந்தால் பயப்பட வேண்டாம், 89 சதவீதம் என்று படியுங்கள். அது 2015-16 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 73 வெற்றி, 9 தோல்வி.

மழை வந்தால்

இங்கேதான் முதல் தகராறு. 2024 ஐபிஎல் குஜராத்தையும் பஞ்சாபையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குஜராத் 5 வெற்றி, 7 தோல்வி, 2 ஆட்டம் மழையில் போனது. பஞ்சாப் 5 வெற்றி, 9 தோல்வி.

மொத்த ஆட்டத்தால் வகுத்தால் இருவருக்கும் 5/14, அதாவது 35.71. சமம்! ஆனால் குஜராத் தோற்றதே 7-தான். ஜெயிக்கவோ தோற்கவோ வாய்ப்பே கிடைக்காத இரண்டு ஆட்டத்தை, தோற்ற மாதிரியே கீழே கூட்டி வைத்திருக்கிறோம். மழை ஆட்டங்களை எடுத்துவிட்டு 5/12 என்று போட்டால் குஜராத் 41.67. மழை ஆட்டத்தைப் பாதி வெற்றியாக வைத்தால் 6/14, அதாவது 42.86.

மூன்றில் எது? முடிவு வராத ஆட்டத்தைக் கீழே சேர்க்காமல் விடுவதுதான் என் கட்சி. மழைக்கு யாரும் கேப்டன் இல்லை. ஐபிஎல் புள்ளிப் பட்டியல் வேறு விதமாகப் போகும்: வெற்றிக்கு 2 புள்ளி, மழை ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு புள்ளி. குஜராத்துக்கு 12 புள்ளி, கிடைக்கக்கூடிய அதிகபட்சம் 28. வகுத்தால் 42.86. பாதி வெற்றி கணக்கும் இதுவும் ஒன்றாக வருவது தற்செயல் இல்லை. இரண்டில் ஒரு புள்ளி என்றாலே பாதி வெற்றிதான்.

கொல்கத்தாவுக்கும் இரண்டு ஆட்டம் மழையில் போனது. அவர்களுக்கு 64.29 என்று மேலே போட்டோமே, அதை 9/12 என்று மாற்றினால் 75 ஆகிவிடும். ஒரே அணி, ஒரே சீசன், பத்துக்கு மேல் வித்தியாசம்.

டை ஆனால்

இப்போது தோனிக்கு வருவோம். 200 ஆட்டத்தில் வெற்றி 110, தோல்வி 74, டை 5, முடிவில்லை 11. பட்டியல் போடுகிறவர்கள் செய்வது இரண்டு வேலை. முடிவில்லாத 11-ஐ எடுத்துவிடுகிறார்கள், 189 மிஞ்சும். டை ஒவ்வொன்றையும் பாதி வெற்றியாக வைக்கிறார்கள், 5-க்கு இரண்டரை. 112.5-ஐ 189-ஆல் வகுத்தால் 59.52. புதிர் தீர்ந்தது.

அந்த ஐந்தாவது டை ஒரு வேடிக்கை. 2018 செப்டம்பர் 25, துபாய், ஆசியக் கோப்பை. ரோகித்துக்கு ஓய்வு கொடுத்ததால் தோனி திரும்பக் கேப்டன், அதுதான் அவருக்கு 200-வது. ஆப்கானிஸ்தான் 252. இந்தியாவும் 252-ல் வந்து நிற்கிறது. இரண்டு பந்தில் ஒரு ரன் வேண்டும், ஜடேஜா தூக்கி அடித்து கேட்ச் கொடுத்தார். அந்த ஒரு ரன் வந்திருந்தால் 113/189, அதாவது 59.79 ஆகியிருக்கும். பாதி வெற்றி என்பதன் எடை அவ்வளவுதான், ரவுண்டு செய்யாமல் கழித்தால் 0.26.

டையைப் பாதி வெற்றியாக வைப்பது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லிலும் 1972 முதல் அப்படித்தான். அதற்கு முன்பு டை ஆன ஆட்டத்தை நடக்காத மாதிரியே விட்டுவிடுவார்கள்.

சூப்பர் ஓவர் (டை ஆன பிறகு ஆளுக்கு ஓர் ஓவர் ஆடி ஜெயித்தவரை முடிவு செய்வது) வந்தால் குழப்பம் கூடும். 2025 ஏப்ரல் 16 அன்று டெல்லியும் ராஜஸ்தானும் ஆளுக்கு 188 எடுத்தார்கள், சூப்பர் ஓவரில் டெல்லி ஜெயித்தது. புள்ளிப் பட்டியலில் அது டெல்லிக்கு முழு வெற்றி, 2 புள்ளி. சாதனைப் பட்டியலில் அது டை. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டமும் அப்படியே. இங்கிலாந்து கோப்பையைத் தூக்கியது, ஆனால் ஆட்டம் பதிவானது டை என்றுதான். ஆகவே நீங்கள் எதற்காகக் கணக்குப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். லீக்கில் யார் முன்னால் என்று பார்க்கவா, அப்படியென்றால் சூப்பர் ஓவர் வெற்றியும் வெற்றி. கேப்டன்களின் சாதனையைப் பல வருடங்களுக்கு ஒப்பிடவா, அப்படியென்றால் டை.

டெஸ்ட் டிரா வேறு விஷயம்

டையை அபூர்வம் என்று ஓரமாக வைத்துவிடலாம். டெஸ்ட் டிராவை அப்படி வைக்க முடியாது. கிளைவ் லாய்ட் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 74 டெஸ்டில் கேப்டன்: 36 வெற்றி, 12 தோல்வி, 26 டிரா. விராட் கோலி 68 டெஸ்ட்: 40 வெற்றி, 17 தோல்வி, 11 டிரா.

மொத்தத்தால் வகுத்தால் லாய்ட் 48.65, கோலி 58.82. கோலி பத்து சதவீதம் முன்னால். டிராவை எடுத்துவிட்டு, முடிவு வந்த ஆட்டங்களை மட்டும் பார்த்தால் லாய்ட் 36/48, சரியாக 75. கோலி 40/57, 70.18. வரிசை அப்படியே புரண்டுவிட்டது.

இரண்டில் எது நியாயம்? டிராவும் ஐந்து நாள் ஆடிய ஆட்டம்தான், மழையில் போனதோடு சேர்க்க முடியாது. சில டிரா, தோற்க வேண்டியதைக் காப்பாற்றியது. சில டிரா, ஜெயிக்க வேண்டியதைக் கோட்டைவிட்டது. பாதி வெற்றி என்று ஒரே முத்திரை குத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் டெஸ்டுக்கு நான் வெற்றி சதவீதத்தோடு தோல்வி சதவீதத்தையும் சேர்த்தே எழுதுவேன். லாய்ட் 48.65 / 16.22. கோலி 58.82 / 25. லாய்டின் அணியை ஜெயிக்கிறோமோ இல்லையோ, அந்த அணியிடம் தோற்காமல் வரலாம் என்பதே பெரிய ஆசை. ஆனால் அந்த அணியைத் தோற்கடிப்பது அதைவிடக் கஷ்டம். இது அந்த 16.22-ல் தெரிகிறது, ஒற்றை எண்ணில் தெரியாது.

கால்பந்திலும் இதே கதை. 2003-04 பிரீமியர் லீக்கில் ஆர்சனல் 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 26 வெற்றி, 12 டிரா. வெற்றி சதவீதம் 68.42. அதை மட்டும் பார்க்கிறவனுக்கு, தோல்வியே காணாத அணி என்று எப்படித் தெரியும்? புள்ளிக் கணக்கில் 90, அதிகபட்சம் 114, ஆக 78.95. பாதி வெற்றிக் கணக்கில் 32/38, 84.21. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 என்று வைத்த விளையாட்டில் டிரா என்பது மூன்றில் ஒரு பங்கு வெற்றிதான், பாதி இல்லை. ஆகவே கால்பந்துக்குப் புள்ளி சதவீதம் போடுவதுதான் பொருத்தம்.

புள்ளி சதவீதம்

கிடைத்த புள்ளியை, கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளியால் வகுப்பது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இதை வைத்துத்தான் நடக்கிறது. முதல் சுற்றில், 2019-21-ல், தொடருக்கு 120 புள்ளி என்று வெறும் கூட்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். கொரோனாவில் தொடர்கள் நின்றுபோக, எல்லோரும் ஒரே அளவு ஆடுவது நடக்காது என்று ஆனதும் 2020 நவம்பரில் சதவீதத்துக்கு மாறினார்கள். அன்றைக்கு இந்தியாவிடம் 360 புள்ளி, ஆஸ்திரேலியாவிடம் 296. ஆனால் இந்தியா 480-க்கு 360, அது 75. ஆஸ்திரேலியா 360-க்கு 296, அது 82.2. ஒரு பந்துகூடப் போடாமல் இந்தியா இரண்டாமிடத்துக்குப் போனது.

அடுத்த சுற்றிலிருந்து ஒரு டெஸ்டுக்கு 12 புள்ளி. ஜெயித்தால் 12, டை 6, டிரா 4. ஓவர்களை மெதுவாக வீசினால் புள்ளி பிடிப்பார்கள். 2023-25 சுற்றை நீங்களே போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி.

தென்னாப்பிரிக்கா 12 டெஸ்ட், 8 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா. 96-ம் 4-ம் 100. அதிகபட்சம் 144. விடை 69.44.

ஆஸ்திரேலியா 19 டெஸ்ட், 13 வெற்றி, 4 தோல்வி, 2 டிரா. 156-ம் 8-ம் 164. 2023 ஆஷஸில் (இங்கிலாந்தோடு ஆடும் டெஸ்ட் தொடர்) ஓவர் தாமதத்துக்காக 10 புள்ளி போனது, மிச்சம் 154. அதிகபட்சம் 228. விடை 67.54.

இப்போது இதையே வெறும் வெற்றி சதவீதமாகப் போடுங்கள். ஆஸ்திரேலியா 13/19, 68.42. தென்னாப்பிரிக்கா 8/12, 66.67. டிராவை எடுத்துவிட்டாலும் ஆஸ்திரேலியாதான் முன்னால், பாதி வெற்றியாக வைத்தாலும் ஆஸ்திரேலியாதான். அபராதம் மட்டும் இல்லையென்றால் புள்ளி சதவீதமும் 71.93 ஆகியிருக்கும். தென்னாப்பிரிக்காவை முதலிடத்தில் உட்கார வைத்தது அந்த 10 புள்ளி. இரண்டு அணியும் எப்படியும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதற்கு முன்னால், 2021-ல், பேசும்படி ஆயிற்று. அப்போது ஆஸ்திரேலியா 480-க்கு 332, 69.2. நியூசிலாந்து 600-க்கு 420, 70. மெல்போர்னில் மெதுவாக வீசியதற்குப் போன 4 புள்ளி இருந்திருந்தால் 336, சரியாக 70, சரிசமம். இறுதி ஆட்டத்துக்குப் போனது நியூசிலாந்து. கோப்பையும் அவர்களுக்கு.

இரண்டு சதவீதத்தைச் சேர்ப்பது

இந்தத் தப்பை நானே இரண்டு வருடம் செய்திருக்கிறேன். உள்ளூரில் இவ்வளவு, வெளியூரில் இவ்வளவு, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மொத்தம் என்று.

தோனியின் டெஸ்ட் கணக்கில் அது வேலை செய்யும். இந்தியாவில் 30 டெஸ்ட், 21 வெற்றி, 70 சதவீதம். வெளிநாட்டில் 30 டெஸ்ட், 6 வெற்றி, 20 சதவீதம். சராசரி 45. மொத்தமாகப் போட்டாலும் 27/60, அதே 45. இங்கே தப்பித்ததற்குக் காரணம் இரண்டு பக்கமும் 30 என்பதுதான்.

கோலிக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம். இந்தியாவில் 31 டெஸ்ட், 24 வெற்றி, 77.42. (தோற்றது இரண்டே இரண்டு, அதில் ஒன்று 2021-ல் நம் சேப்பாக்கத்தில்.) வெளியே 37 டெஸ்ட், 16 வெற்றி, 43.24. சராசரி 60.33 வரும். உண்மை 40/68, 58.82. வெளியே ஆடியது அதிகம், அதனால் அந்தப் பக்கம் எடை அதிகம். சதவீதத்தோடு சதவீதத்தைக் கூட்டாதீர்கள். வெற்றியோடு வெற்றியை, ஆட்டத்தோடு ஆட்டத்தைக் கூட்டி, கடைசியில் ஒரு தடவை வகுங்கள்.

இன்னும் எத்தனை ஜெயிக்க வேண்டும்?

சதவீதத்தின் உண்மையான பயன் இதில்தான் என்பேன். இலக்கை தசமத்தில் எழுதிக்கொள்ளுங்கள், 50 என்றால் 0.5. அதை இதுவரை ஆடிய ஆட்டத்தால் பெருக்கி, ஜெயித்ததைக் கழியுங்கள். வருவதை, ஒன்றில் இலக்கு போக மிஞ்சியதால் வகுங்கள். தொடர்ச்சியாக எத்தனை ஜெயிக்க வேண்டும் என்று வந்துவிடும். பின்னம் வந்தால் மேலே தள்ளுங்கள், அரை ஆட்டம் ஜெயிக்க முடியாது.

2024-ல் பெங்களூரு முதல் 8 ஆட்டத்தில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. 12.5 சதவீதம். 50-க்கு வர என்ன வேண்டும்? 0.5-ஐ 8-ஆல் பெருக்கினால் 4, அதில் 1 போனால் 3, அதை 0.5-ஆல் வகுத்தால் 6. மீதி இருந்ததே 6 ஆட்டம்தான். அதாவது ஒன்றில்கூடத் தோற்கக் கூடாது. கணக்கு அப்படிச் சொன்ன அன்றைக்கு யாராக இருந்தாலும் பெட்டியைக் கட்டிவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆறையும் ஜெயித்தார்கள்.

ஆறாவது யாரோடு என்பது நமக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். மே 18, சின்னசாமி மைதானம், சென்னை. பெங்களூரு 218. சென்னை ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, 201 எட்டினால் பிளேஆஃப். கடைசி ஓவரில் 17 ரன் தேவை. முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார். அடுத்த பந்தில் அவுட். 191-ல் நின்றது. அன்றைக்கு இரண்டு அணியும் 7/14, 50 சதவீதம். டெல்லியும் லக்னோவும் அதே 50. நாலு பேரில் உள்ளே போனது ஒருவர், பிரித்தது நெட் ரன் ரேட் (ஓவருக்கு எடுத்த ரன்னில் ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது): பெங்களூரு 0.459, சென்னை 0.392. சதவீதம் சமமாக வந்தால் அடுத்த அளவுகோல் எது என்று உங்கள் லீக் விதியில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்கு வேண்டாம்.

அடுத்த வருடம் சென்னை 14-ல் 4 மட்டும், 28.57, கடைசி இடம். அங்கிருந்து 50-க்கு வரத் தொடர்ந்து 6 வெற்றி. 60-க்கு 11. 75-க்கு 26. இலக்கு கொஞ்சம் ஏறினால் தேவை எப்படித் தாவுகிறது பாருங்கள்.

குட்டி எண்களை நம்பாதீர்கள்

டெஸ்டில் 100 சதவீத வெற்றி பெற்ற இந்தியக் கேப்டன் ரவி சாஸ்திரி. 1988 ஜனவரி, சேப்பாக்கம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்த அதே ஆட்டம். சாஸ்திரி கேப்டனாக இருந்தது அந்த ஒரு டெஸ்ட்தான். அஜிங்க்யா ரஹானே 6 டெஸ்டில் 4 வெற்றி, 2 டிரா, 66.67. கோலியைவிட அதிகம். ரஹானேயின் மெல்போர்ன் வெற்றியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 6-ல் ஓர் ஆட்டம் மாறினால் 16.67 சதவீதம் ஆடும், 68-ல் ஓர் ஆட்டம் மாறினால் 1.47-தான். பட்டியல் போடும்போது குறைந்தபட்சம் இத்தனை ஆட்டம் என்று ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். எங்கள் டீமில் 10.

தசமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிக்கி பாண்டிங் 77 டெஸ்டில் 48 வெற்றி. வகுத்தால் 62.3376… ரவுண்டு செய்தால் 62.34, அப்படியே வெட்டினால் 62.33. இரண்டையும் நீங்கள் பார்க்கலாம். இதற்காகச் சண்டை போட வேண்டாம்.

எங்கள் நோட்டுக்குத் திரும்பி

13 வெற்றி, 8 தோல்வி, 1 டை, 1 மழை. மொத்தத்தால் வகுத்தவனுக்கு 56.52. மழையை எடுத்துவிட்டு, டையைப் பாதியாக வைத்தவனுக்கு 13.5/22, 61.36. டையையும் தூக்கிப் போட்டவனுக்கு 13/21, 61.90. மூன்று போன், மூன்று விடை. ஒவ்வொருத்தனும் சரி.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது இது: “61.36. டை பாதி, மழை சேர்க்கவில்லை, வாக்ஓவர் இல்லை. வெ 13, தோ 8, டை 1, மழை 1.” யாருக்கு வேறு முறை வேண்டுமோ அவர்கள் அந்த நாலு எண்ணை வைத்துத் தாங்களே போட்டுக்கொள்ளலாம். எங்கள் கேப்டன் போட்டுக்கொண்டார். குரூப்பில் டிபிக்குக் கீழே இப்போது 62% என்று இருக்கிறது.